பழைய எலெக்ட்ரிக் கிற்றாரைத் திருத்துதல்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு டவுண், கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல பக்கத்தாலும் பழைய கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஞாயிறு பூசைக்குக் கோயிலில் வாசித்தது, பைலா கோஷ்டியோடு கலியாண வீடுகளுக்குப் போய்வந்தது, நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய 1970களின் பொப்பிசையில் மயங்கி வாங்கியது, சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. பழுது என்னவோ ஏறக்குறைய ஒன்றுதான். உப்புக் காற்று, ஈரம், அதோடு யாரோ அரைகுறையாகச் செய்துவைத்த திருத்தம்.

கே: அப்பாட கிற்றார் அலுமாரிக்கு மேல கனகாலமாக் கிடக்கு. எடுத்து முதல்ல என்ன செய்யிற?

ஒன்றும் செய்ய வேண்டாம். அம்பில் (சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியில்) குத்திப் பார்க்காதீர்கள், சுருதி கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், தலை, கழுத்து உடம்போடு சேருகிற இடம், பின்தகட்டில் இருக்கிற இலக்கம். பிறகு கம்பி ஆறையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். துருப்பிடித்த கம்பி இழுவையில் அறுந்தால் கையையோ முகத்தையோ பதம் பார்க்கும்.

கழற்றத் தொடங்கினால் ஒரு மட்டையில் கிற்றாரின் உருவத்தைக் கீறி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது வந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறு. நீளமானதை ஆழமில்லாத ஓட்டையில் முறுக்கினால் மரத்தின் மறுபக்கத்தால் நுனி வரும். கழற்றிய பழைய சாமான் எதையும் எறிய வேண்டாம். வேலை செய்யாத வொலியூம் கொன்ரோலாக இருந்தாலும் ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

கே: இது எந்தக் கம்பனி, எத்தின வருசப் பழசு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

தலையில் இருக்கிற பேரை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்ட எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் 1977இல் இறக்குமதி திறந்துவிடப்படும் வரை வெளிநாட்டுச் சாமான் வருவது லேசில்லை. எங்கள் பக்கத்தில் நான் காண்பவற்றில் ஜப்பான் கிற்றார்தான் அதிகம்: டெய்ஸ்கோ, குயாடோன், அரியா, இபானெஸ், யமஹா. டெய்ஸ்கோ 1946இல் தொடங்கிய கம்பனி, 1967இல் காவாய் கம்பனியின் கைக்குப் போனது. இந்தியாவில் செய்த கிவ்சனும் இடைக்கிடை வரும். அமெரிக்கக் கிப்சனுக்கும் கிவ்சனுக்கும் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். விலையில் அந்த எழுத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

அமெரிக்கக் கிற்றார் என்றால் உள்ளே இருக்கிற வொலியூம் கொன்ரோலின் முதுகைப் பாருங்கள். 1376633 என்று குத்தியிருந்தால் 137 என்பது அதைச் செய்த சீ.ரீ.எஸ். கம்பனி, 66 வருடம், 33 வாரம். அதாவது 1966இன் 33ஆம் வாரத்துக்கு முந்தி அந்தப் பாகம் இல்லை. கிற்றார் அதற்குப் பிந்தியதாக இருக்கலாம்; கொன்ரோலைப் பிற்காலத்தில் யாரும் மாற்றியும் இருக்கலாம். பெண்டர் கிற்றாரில் கழுத்தைக் கழற்றினால் அதன் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ திகதி இருக்கும் வாய்ப்பு நல்லாகவே உண்டு. பெண்டர் கம்பனி ஜப்பானில் கிற்றார் செய்யத் தொடங்கியது 1982இல். "1975 ஜப்பான் பெண்டர்" என்று ஒருவர் விலை சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

கே: கலரெல்லாம் உரிஞ்சு அசிங்கமாக் கிடக்கு அண்ணன். வாகனத்துக்கு ஸ்ப்ரே அடிக்கிற இடத்தில குடுத்துப் புதுசா அடிக்கவா?

வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆகக்கூடுதலாகப் பதில் சொல்லியிருப்பேன். பதிலைக் கேட்டுவிட்டு நேரே ஸ்ப்ரே பட்டறைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் காசுக் கணக்கு. பெயர்பெற்ற பழைய கிற்றாருக்கு மறுபூச்சு அடித்தால் சந்தையில் அதன் விலை பாதியளவுக்கு விழும். இரண்டாவது, பூச்சை உரிக்கும்போது மரமும் சேர்ந்து போகும். சாண்ட் பேப்பர் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு அது கார்க் கதவுதான். விளிம்பின் வளைவு, கை வைக்கிற சரிவு எல்லாம் மழுங்கிப்போகும். கழுத்து பொருந்தும் குழிக்குள் தடிப்பாகப் பெயின்ற் இறங்கினால் கழுத்து சரியாக உட்காராது. இறுக்கினால் ஓரத்தில் வெடிக்கும்.

மூன்றாவது, என்ன பூச்சு என்று தெரியாமல் அதில் கை வைக்கவே கூடாது. பெண்டர் 1960களின் கடைசி வரை நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தது, பிறகு பொலியெஸ்டருக்கு மாறியது. கிப்சன் நைட்ரோவிலேயே நின்றது. ஜப்பான் கிற்றாரில் பெரும்பாலும் தடிப்பான பொலியெஸ்டரோ பொலியூரித்தேனோ இருக்கும். கழுத்தைக் கழற்றி, அந்தக் குழிக்குள் வெளியில் தெரியாத மூலையில், பஞ்சுக் குச்சியால் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்து இளகினால் நைட்ரோ. ஒன்றும் நடக்காவிட்டால் பொலி. வேறு எந்த இடத்திலும் அசிட்டோன் படக் கூடாது, பிளாஸ்டிக்கிலும் படக் கூடாது.

நைட்ரோ பூச்சில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம். குளிரும் சூடும் சடுதியாக மாறும்போது மரமும் லாக்கரும் ஒன்றுபோல விரிந்து சுருங்காததால் வருவது அது. ஏசி அறையிலிருந்து எடுத்து மத்தியான வெயிலில் நிற்கிற வானுக்குள் போட்டால் இன்னும் நாலு கோடு வரும். அதை மறைக்கப் போகிறவர்கள் வேறெதையாவது கெடுத்துவிடுவார்கள்.

அழுக்கை மட்டும் எடுங்கள். மெத்தென்ற பருத்தித் துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து ஒருமுறை, காய்ந்த துணியால் உடனே மறுமுறை. பிசின் போன்ற பழைய வியர்வை அழுக்குக்கு லைட்டருக்கு ஊற்றுகிற நப்தா நல்லது. நைட்ரோவையும் பொலியையும் அது தின்னாது. காற்றோட்டமான இடத்தில், நெருப்பு, சிகரெட் கிட்ட வராமல் செய்யுங்கள். சிலிக்கோன் கலந்த மோட்டார் சைக்கிள் பொலிஷ் பூச வேண்டாம். பிறகு எப்போதாவது உடைந்த இடத்தில் ஒரு சொட்டு லாக்கர் வைக்கவேண்டி வந்தால் அது ஒட்டவே ஒட்டாது.

ஏற்கெனவே யாரோ வீட்டுக் கேற்றுக்கு வாங்கிய இனாமலைப் பூசிவைத்த கிற்றார் என்றால் கதை வேறு. அங்கே காப்பாற்ற அசல் பூச்சு இல்லை. ஆசைப்படி செய்யலாம்.

கே: கழுத்தில விரல் வைக்கிற ரோஸ்வுட் பலகை காஞ்சு போச்சு. தேங்காயெண்ணெய் பூசலாமா?

தலைக்குப் பூசுங்கள். மரத்தில் அது சிக்குப் பிடிக்கும், தூசியைப் பிடித்து வைத்திருக்கும், எறும்பும் வரும். கிற்றாருக்கென்று விற்கிற லெமன் எண்ணெயில் சில சொட்டுப் பூசி, கொஞ்ச நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். வருடத்தில் ஓரிரு தடவைக்கு மேல் தேவையில்லை. மேப்பிள் பலகையில் மேலே லாக்கர் இருக்கும், அதற்கு எண்ணெயே வேண்டாம்.

கே: மாரிக்கு ஒரு மாதிரி, கச்சானுக்கு ஒரு மாதிரி வாசிக்குது. கழுத்து பழுதா?

பழுதில்லை, மரம் ஊர்க் காலநிலைக்கு ஆடுகிறது. வாடை தொடங்கிக் கார்த்திகை, மார்கழி, தை என்று மழை பெய்யும்போது மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். கச்சான் வீசி வெக்கை தொடங்கினால் சுருங்கும். அப்போதுதான் கழுத்தின் ஓரத்தில் பிரெட்டுகளின் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளின்) நுனி வெளியே தள்ளிக் கையைக் கிழிப்பது. பிரெட் நீளவில்லை, பலகைதான் ஒடுங்கியிருக்கிறது. நுனியைச் சின்ன அரத்தால் பலகையோடு மட்டமாக அராவிவிட்டால் சரி.

கிற்றாருக்குப் பிடித்த ஈரப்பதன் 45 முதல் 55 சதவீதம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வீட்டைக் கட்டிவிட்டு அதை எதிர்பார்க்க ஏலாது. அடிக்கடி மாறாமல் பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சுவரில் தொங்கவிட வேண்டாம், ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பக்கெற்றுகளும், கடைகளில் கிடைக்கிற சின்ன ஈரப்பதமானி ஒன்றும் போடுங்கள். ஜெல் ஈரம் குடித்துவிட்டால் மாற்ற வேண்டும்; போன வருடம் போட்ட பக்கெற்று இந்த வருடம் சும்மா கடதாசி. அரிசியைத் துணியில் முடிந்து போடுகிறவர்கள் வண்டையும் சேர்த்து வளர்க்கிறார்கள்.

இன்னொன்று: நைட்ரோ பூச்சுள்ள கிற்றாரை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மாதக்கணக்கில் சாத்தி வைத்தால் அந்த இடம் இளகித் தழும்பாகும். ரப்பருக்கு மேல் பருத்தித் துணியைச் சுற்றுங்கள்.

கே: கம்பி பலகையிலிருந்து நல்லா உயந்து நிக்குது. தலையில இருக்கிற ஆணியை முறுக்கினாச் சரிவருமா?

வரலாம். ஆனால் அளக்காமல் முறுக்கக் கூடாது. சுருதி கூட்டிய நிலையில் முதல் பிரெட்டில் கப்போ (கம்பி ஆறையும் அமத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, கடைசிப் பிரெட்டில் தடித்த கம்பியை விரலால் அமத்துங்கள். இப்போது கம்பி ஒரு நேர்கோடு. ஏழாவது, எட்டாவது பிரெட்டுக்கு மேல் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் 0.25 மில்லிமீற்றர் அளவு வெளி இருந்தால் நல்லது. சாதாரண விசிட்டிங் கார்ட் ஒன்று உரசிக்கொண்டு போகிற அளவு. அதைவிடக் கூட இருந்தால் கழுத்து முன்னுக்கு வளைந்திருக்கிறது. ட்ரஸ் றொட்டை, அதாவது கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கோலை, அந்த ஆணியால் மணிக்கூடு சுற்றும் பக்கம் கால் சுற்று. அவ்வளவுதான். திரும்பச் சுருதி கூட்டி, கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப அளந்து பாருங்கள். இடைவெளி இல்லாமல் கம்பி கிடந்து இரைந்தால் எதிர்ப்பக்கம்.

கனகாலம் அசையாத ஆணி துருவோடு ஒட்டிப் போயிருக்கும். கை பலமாகக் கேட்டால் நிறுத்துங்கள். அதன் புரிக்குள் ஒரு சொட்டுத் துரு கழற்றும் எண்ணெயை விட்டு ஒரு இரவு வைத்திருங்கள். மரத்தில் வழிய விட வேண்டாம். உள்ளே றொட் முறிந்தால் பலகையையே கழற்ற வேண்டிவரும். அது பெரிய வேலை, பெரிய காசு. பழைய மலிவு ஜப்பான் கிற்றார் சிலவற்றில் கழுத்துக்குள் வெறும் இரும்புச் சட்டம்தான் இருக்கும், முறுக்க ஒன்றுமில்லை.

கழுத்து நேராக இருந்தும் கம்பி உயரமென்றால், உடம்பில் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜைப் பாருங்கள். பன்னிரண்டாவது பிரெட்டில் மெல்லிய கம்பி 1.6 மில்லிமீற்றர், தடித்த கம்பி 2 மில்லிமீற்றர் என்று வைத்தால் பெரும்பாலானோருக்குக் கைக்கு இதம். பிரிட்ஜ் அடிமட்டத்துக்கு வந்தும் போதாவிட்டால், கழுத்துக் குழிக்குள் மெல்லிய மரச் சீவல் ஒன்று வைத்துக் கழுத்தைக் கொஞ்சம் சரிக்கலாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், இப்படித் திரும்ப எடுக்கக்கூடிய வேலை எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சுருதிப் பிழை. பன்னிரண்டாவது பிரெட்டில் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கும், அமத்தி எழுப்புகிற சுரமும் ஒன்றாக வர வேண்டும். அமத்தியது ஏறியிருந்தால் கம்பி உட்காருகிற சாடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு.

கே: பிரெட்டில எல்லாம் பள்ளம் விழுந்திருக்கு?

பள்ளம் லேசாக இருந்தால் எல்லாவற்றையும் நேரான அரத்தால் ஒரே மட்டமாக்கி, மேல்பக்கத்தைத் திரும்ப உருட்டையாக்கலாம். மிச்ச உயரம் 0.6 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்துவிட்டால் இனி அராவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். பழைய பெண்டரில் பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரம், கிப்சனில் 12. அந்த வளைவை மாற்றித் தட்டையாக்கிவிடாத ஆளிடம் கொடுங்கள்.

கே: தலைப்பக்கம் கம்பி தாங்கிற வெள்ளைக் கட்டை வெடிச்சுப்போச்சு. கொழும்பிலயிருந்து எடுக்கணுமா?

நட் என்பது அதுதான். பிளாஸ்டிக் நட் வாங்கலாம், ஆனால் எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஏன்? இறைச்சிக் கடையில் எருமையின் கால் எலும்பில் நடுத்துண்டை, கொழுப்பில்லாத தடிச் சுவராகப் பார்த்துக் கேளுங்கள். மச்சையை வழித்து, சவர்க்காரத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். வீட்டில் எலும்பு புழங்க விருப்பமில்லாதவர்கள் செயற்கை நட்டே வாங்கிக்கொள்ளலாம், குறையொன்றுமில்லை.

காய்ந்த எலும்பை இரும்பறுக்கிற வாளால் பழைய நட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, தட்டையான கண்ணாடியில் ஒட்டிய சாண்ட் பேப்பரில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூக்கை மூடிக் கட்டுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது, மணமும் பல் டொக்டரின் கதிரையில் இருந்து பல் ராவும்போது வருகிற அதே மணம். கம்பிப் பள்ளத்தைக் கம்பியின் தடிப்புக்கேற்ற அரத்தால், தலைப்பக்கம் சரிவாக இறக்குங்கள். எவ்வளவு ஆழம்? மூன்றாவது பிரெட்டில் கம்பியை அமத்தும்போது முதல் பிரெட்டுக்கு மேல் மயிரிழை வெளி தெரிய வேண்டும். விரலால் தட்டினால் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். இடைவெளி இல்லாவிட்டால் அளவுக்கு மிஞ்சி வெட்டிவிட்டீர்கள். ஒட்டுவதற்கு ஒரு துளி போதும், நாளைக்கு இன்னொருவர் தட்டிக் கழற்ற வேண்டியிருக்கும்.

கே: வொலியூமைத் திருப்பினாக் கறகற எண்டு சத்தம். புதுசு போடவா?

முதலில் கழுவிப் பாருங்கள். றேடியோ திருத்துகிற கடைகளில் கிடைக்கிற கொன்ராக்ட் கிளீனரை அதன் கால்களுக்கு மேலிருக்கிற இடைவெளியால் உள்ளே அடித்து, குமிழை அந்தம் மட்டும் பலதடவை திருப்புங்கள். பாதிக் கேஸ் அதோடு முடிந்துவிடும். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது தூசிக்குத் தூண்டில். மாற்றத்தான் வேண்டுமென்றால், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் ஒற்றைச் சுருளானால் 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கரானால் 500. இலக்கத்துக்கு முன்னால் ஏ என்ற எழுத்து இருக்கிறதாகப் பாருங்கள், பி வேண்டாம். ஈயம் வைக்க 40 வோட்டுக்குக் குறையாத அயன் தேவை. கொன்ரோலின் முதுகில் மெதுவாகச் சூடேற்றிக்கொண்டு நின்றால் உள்ளே கருகிவிடும்.

கே: பிக்கப் ஒண்டு சத்தமே இல்ல. செத்துப்போச்சா?

மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். ஒற்றைச் சுருளென்றால் ஏறக்குறைய 5 முதல் 7 கிலோ ஓம், ஹம்பக்கர் 7 முதல் 9. அந்தளவு காட்டினால் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது, பழுது வயரிலோ சுவிட்சிலோ. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருளின் கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது. அந்தச் செப்புக் கம்பி 0.063 மில்லிமீற்றர் தடிப்பு, ஆயிரக்கணக்கான சுற்று. எங்கள் காற்றில் உப்பு ஏறிப் பச்சை பூத்து அறுவது பெரும்பாலும் தொடக்கத்திலோ முடிவிலோதான், வெளி வயரோடு சேருகிற அந்த மூட்டில். பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் அதைத் திரும்ப ஒட்டலாம். உள்ளே அறுந்திருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். அப்போதும் பழைய காந்தத்தையும் அடித்தகட்டையும் வைத்தே சுற்றச் சொல்லுங்கள்.

துரு தேய்க்க இரும்பு நார் எடுப்பவர்கள் பிக்கப்பை முழுக்க ரேப் ஒட்டி மூடிவிட்டு எடுங்கள். காந்தம் அந்தத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்க வேண்டும்.

கே: கம்பியத் தொட்டா இரைச்சல் நிக்குது, மைக்கில வாய் பட்டா ஷொக் அடிக்குது?

இரண்டும் ஒன்றல்ல. தொட்டால் இரைச்சல் நிற்பது பழைய கிற்றாரில் சாதாரணம். உங்கள் உடம்பு கம்பி வழியாக ஏர்த்தோடு சேருகிறது. ஷொக் அடிப்பது உயிர் போகிற விசயம். அம்புக்கோ மைக் செற்றுக்கோ சரியான ஏர்த் இல்லை. கோயில் சடங்கு மேடையில் ஜெனறேற்றரில் வாசிக்கும்போது, இரண்டு பின் பிளக்கில் ஏர்த்தை வெட்டிவிட்டு வாசிக்கும்போது இது வரும். உடனே நிறுத்துங்கள். ஏர்த் உள்ள மூன்று பின், வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச், அம்பும் மைக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட். இது இல்லாமல் நான் யாரையும் வாசிக்கச் சொல்ல மாட்டேன்.

ஜப்பானிலிருந்து வந்த அம்பென்றால் அது 100 வோல்ட். எங்கள் 230இல் நேரே குத்தினால் புகைதான் வரும். இறக்கிக் கொடுக்கிற ட்ரான்ஸ்போமர் தேவை. வால்வ் அம்பின் பின்பலகையை, பிளக்கைக் கழற்றிவிட்டாலும், தெரியாதவர்கள் திறக்க வேண்டாம். உள்ளே கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.

கே: சுனாமியில நனைஞ்ச கிற்றார் ஒண்டு இருக்கு. திருத்த ஏலுமா?

2004இல் கடல் எடுத்துவிட்டுப் போட்ட சாமான்களில் கிற்றார்களும் இருந்தன. மரத்துக்குள் போன உப்பு இன்றைக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஒட்டுப்பலகை உடம்பென்றால் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். உள்வயர், சுவிட்ச், கொன்ரோல் எல்லாம் போயிருக்கும். அதனால் முதலில் வீட்டில் கேளுங்கள்: வாசிக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா? வைத்திருப்பதென்றால் கம்பியைக் கழற்றி, உலோகத்தில் இருக்கிற உப்பை வடித்த தண்ணீர் தொட்ட பஞ்சால் எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மற்றதை அப்படியே விடுங்கள். வாசிப்பதென்றால் உடம்பும் கழுத்தும் மட்டுமே மிஞ்சும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

கே: இங்க யாருட்டக் குடுக்கிற?

ஒரே ஆளிடம் முழு வேலையையும் தேடாதீர்கள். ஈயம் வைக்கிற வேலைக்குப் பழைய றேடியோக்காரர் போதும், சேர்கிட்டைப் படமாகக் கீறிக் கொடுத்தால் கிற்றாரைக் கண்டிராதவரும் செய்வார். மர வேலைக்கு கதவு நிலை செய்கிறவரைவிட நுணுக்க வேலை செய்கிற தச்சர் வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில் தச்சும் வயலினும் கிற்றாரும் ஒன்றாகவே இருந்து வந்தவை, அங்கே விசாரியுங்கள். பழந்தமிழ் யாழ்களின் அமைப்பைக் கணக்கிட்டு மீட்டெடுத்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு பக்கத்தில்தான் இருக்கிறது. ஆள் இல்லாத ஊர் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரெட் மாற்றுவது, முறிந்த றொட் எடுப்பது இரண்டையும் அந்த வேலை முன்பு செய்த ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

கே: கனடாவில இருக்கிற அண்ணனுக்கு அனுப்பினா எயார்போட்டில பிடிப்பாங்களா?

ரோஸ்வுட் இனங்களுக்கு 2017இல் வந்த சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளை 2019இல் விலக்கிவிட்டார்கள். ஆனால் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் ஆகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, விலக்கு அதற்கில்லை. 1960களின் விலையுயர்ந்த அமெரிக்கக் கிற்றாரென்றால் முதலில் மரத்தை நிச்சயப்படுத்தி, பத்திரம் எடுத்துவிட்டு அனுப்புங்கள். எதுவானாலும் கம்பியைத் தளர்த்தி, தலைக்கும் பெட்டிக்கும் இடையில் துணி திணித்து அனுப்ப வேண்டும்.

கே: கடைசியா, என்ன கம்பி போடுற?

பழைய கழுத்துக்கு 9இல் தொடங்கி 42இல் முடிகிற (கம்பியின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மெல்லிய செற் பாதுகாப்பானது. 10 முதல் 46 வரை போனால் இழுவை கூடும், கழுத்தைத் திரும்ப அளக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கிறவர்கள் வாசித்து முடித்தவுடன் கம்பியின் மேலும் கீழும் காய்ந்த துணியால் இழுத்துத் துடையுங்கள். பூச்சுப் பூசிய கம்பி விலை கூட, ஆனால் மருதமுனை, நாவலடிப் பக்கம் உப்புக் காற்றுக்கு நின்று பிடிக்கும். புதுச் செற் வாங்கினால் இரண்டாக வாங்குங்கள், மெல்லிய கம்பிதான் எப்போதும் முதலில் அறும்.